தரையில் வரைந்த புங்கந்தாங்கல்

மேனாம்பேடு, அம்பத்தூர் வழி
விய வருஷம், ஆவணி மாதம்

என் கண்ணு நாகவல்லிக்கு, உன் நைனா மதுரைவீரன் தன் கையாலேயே எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உயிரும் உடம்புமாக இருக்கிறோம், பெரிய குறை ஒன்றும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நீயும், நாங்கள் இன்னும் கண்ணால் பார்க்காத பேத்தி பூங்காவனமும் காய்ச்சல் தலைவலி அண்டாமல் இருக்க வேண்டும் என்று நம் அம்மனைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உன் கடுதாசி போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. மலாய் நாட்டைச் சப்பான்காரன் பிடித்த நாளிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரி கூட இல்லாமல் இருந்து, வந்த முதல் கடுதாசி இது. சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியும் சேதி இல்லையே என்று நாங்கள் தவித்த தவிப்பை எழுத என்னால் ஆகாது, அதை விட்டுவிடுகிறேன்.

கடுதாசி வந்த கதையை முதலில் சொல்கிறேன். நீ பழைய விலாசத்துக்கு, புங்கந்தாங்கல் சேரி, ஆவடி என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். அந்த விலாசத்தில் இப்போது ஊரே இல்லை அம்மா. கடுதாசி ஆவடியில் கிடந்து, பருத்திப்பட்டுக்குப் போய், அங்கே யாருக்கும் ஆள் தெரியாமல் திரும்பி, கடைசியில் அம்பத்தூர்த் தபால்காரர் கையில் வந்திருக்கிறது. மேனாம்பேட்டு ஓரத்தில் ஒரு கொட்டகை வாசலில் இந்தப் பெயரைத் தாரில் எழுதி வைத்திருக்கிறார்களே என்று அவருக்கு நினைவு வந்து சைக்கிளைத் திருப்பியிருக்கிறார். அதைத் தாரில் எழுதியவன் நான்தான். முந்தின சண்டையில் கூலிப்பட்டாளத்தோடு பஸ்ராவுக்கு மூட்டை தூக்கப் போன இடத்தில் கற்றுக்கொண்ட எழுத்து, அது எங்கே வந்து உதவுகிறது பார். உன் அம்மா அப்போது கொட்டகைக்குள் உட்கார்ந்து ரேஷன் கோதுமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாளாம். மலாயிலிருந்து கடுதாசி என்றதும், "படிக்காத சாமி, யாரு போட்டதுன்னு மட்டும் சொல்லு" என்றாளாம். மகள் போட்டது என்று தபால்காரர் சொன்னதும் முறம் கையிலிருந்து நழுவிவிட்டது. நான் பட்டாளத்து டிப்போவில் வேலை முடிந்து வந்து பார்த்தால் கோதுமை தரையெல்லாம் சிதறிக் கிடக்கிறது, சுற்றி நம் ஜனங்கள் எல்லாரும் நிற்கிறார்கள், கடுதாசி அவள் மடியில் பிரிக்காமல் இருக்கிறது. வேறு யாரும் படிக்கக் கூடாது என்று அவ்வளவு நேரமும் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறாள். "நீ படிய்யா. உன் வாயால கேட்டாத்தான் எனக்கு நெசம்" என்றாள்.

படித்தேன். துலுக்கானத்தைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை, கூடப் போய்ப் பிழைத்து வந்த ஒருவர் வந்து சொன்னார் என்று நீ சொல்லி எழுதியிருந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். "இன்னாய்யா நிறுத்திக்கினே" என்றாள் உன் அம்மா. என் முகத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் கொட்டகையில் எழுந்த அழுகைச் சத்தம் அம்பத்தூர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். அவனை நான் மருமகன் என்று என்றைக்கு நினைத்தேன், மகன் என்றுதானே. தாங்கல் ஏரிக் கரையில் உங்கள் இருவருக்கும் அந்தக் குடிசையைக் கட்டும்போது சேறு மிதித்துக்கொண்டே பாடுவானே, அந்தக் குரல்தான் அன்றிலிருந்து காதில் இருக்கிறது. அவனுக்கு அண்ணன் முறையான கோவிந்தன் இங்கே தலைமுழுகிச் செய்ய வேண்டியதைச் செய்தான். நீ அங்கே தனியாக, கையில் குழந்தையோடு, யார் தோளில் சாய்ந்து அழுதாயோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடுதாசியின் அடியில் குழந்தையின் கையை வைத்துச் சுற்றி வரைந்து அனுப்பியிருக்கிறாய். உன் அம்மா அதன் மேல் தன் கையை வைத்து வைத்துப் பார்க்கிறாள். விரல் நீளமாக இருக்கிறது, அப்பனைப் போல என்கிறாள். முகம் யார் ஜாடை என்று நீ எழுதவில்லை. அடுத்த தடவை மறக்காமல் எழுது.

நீ கேட்டதற்கு வருகிறேன். தோட்டத்தில் இனி இருக்க மனமில்லை, கப்பல் விடுகிறார்களாம், கரை மேல் இருக்கிற எங்கள் குடிசைக்கே வந்துவிடுகிறேன், கூரையை மட்டும் வேய்ந்து வையுங்கள் நைனா என்று கேட்டிருக்கிறாய். கண்ணு, அந்தக் குடிசை இல்லை. கரையும் இல்லை. நீ போன பிறகு நடந்ததை ஒரு கோர்வையாகச் சொல்கிறேன், பதறாமல் படிக்கச் சொல்லிக் கேள், முடிவில் நல்ல சேதி இருக்கிறது. சண்டைக்குப் பயந்து பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடின அந்த வருஷம், பட்டாளத்துக்கு இடம் வேண்டும் என்று ஆவடியைச் சுற்றி நிலம் எடுத்தார்கள். நம் புங்கந்தாங்கலும் அதற்குள் போயிற்று. தமுக்கு அடித்துச் சொன்னார்கள், கொஞ்ச நாள் தவணை கொடுத்தார்கள், அப்புறம் லாரிகள் வந்தன. ஊர்த்தெருவில் பட்டா வைத்திருந்தவர்களுக்கு நிலத்துக்கு ஈடு கிடைத்தது. நம் சேரிக்கு ஏது பட்டா. குடிசையின் கழியையும் கீற்றையும் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்தோம். உன் குடிசையையும் நானும் அம்மாவும்தான் பிரித்தோம். இப்போது நான் வேலை பார்க்கிற டிப்போ அந்த மண்ணில்தான் இருக்கிறது. தாங்கலைத் தூர்த்து லாரி நிறுத்துகிறார்கள். மூட்டை தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகும்போது இங்கேதான் என் மகள் அடுப்பு வைத்திருந்தாள் என்று மனசு சொல்லும். மேஸ்திரி கத்துவான், நடந்துவிடுவேன்.

அந்த வருஷம் நம் ஜனங்கள் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்ததுபோல் சிதறினோம். பாடிக்குச் சிலர், பூந்தமல்லிக்குச் சிலர், மற்றவர்கள் மேனாம்பேட்டு ஓரத்துப் புறம்போக்கில் வந்து கீற்று மறைப்புக்குள் ஒண்டினோம். ஊர்த்தெருக்காரர்களில் நிலம் இல்லாதவர்களும் இங்கேதான் வந்தார்கள். முதல் ஐப்பசி மழையில் எல்லாருடைய மறைப்பும் ஒரே ராத்திரியில் சாய்ந்துவிட்டது. ஊர்த்தெரு கங்காதரன் பழைய வீட்டைப் பிரித்தபோது வண்டியில் ஏற்றி வந்த கல்தூண்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார். அதை நடுவோம், மேலே ஏதாவது போடுவோம், மழைக்கு எல்லாரும் நிற்க ஓர் இடம் வேண்டும் என்று அவரே சொன்னார். தூண் அவருடையது, மேலே பட்டாளத்தார் கழித்துப் போட்ட தகரம், சுவர் நம் ஆட்கள் வைத்த மண்சுவர். பழைய ஊரிலிருந்து ஆளுக்கு ஒன்று தூக்கி வந்திருந்தோம், அம்மன் கோயில் மணி, எல்லைக்கல், தாங்கலின் மதகுக் கதவு, நம் சேரிப் பம்பை, எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. அப்படி உண்டானதுதான் இந்தக் கொட்டகை. பேப்பர் படிப்பது, ரேஷன் கார்டுக்கு மனு எழுதுவது, பிள்ளைகளுக்கு எழுத்து, பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றியது, எல்லாம் இங்கேதான். ஊர்த்தெருவும் சேரியும் ஒரே கூரைக்கு அடியில் உட்காருகிறோம் என்று நான் பெருமையாக எழுதலாம், ஆனால் தண்ணீர்ப் பானை இன்றைக்கும் இரண்டாகத்தான் வைத்திருக்கிறார்கள். உன்னிடம் பொய் எழுதக் கூடாது. ஆனாலும் பழைய ஊரில் இருந்ததற்கு இது எவ்வளவோ.

போன தை மாதம், நாங்கள் ஒண்டியிருக்கும் இந்தப் புறம்போக்கிலேயே புங்கந்தாங்கல்காரர்களுக்கு வீட்டு மனை பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தது. கேட்டதும் ஆட்டம் பாட்டம்தான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. பழைய ஊரில் வீடு வைத்துக் குடியிருந்தவன் என்று காட்ட வேண்டும், காகிதம் இல்லாதவர்களுக்குச் சொந்தக்காரர் அல்லாத ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். அதிகாரி கொண்டுவரும் படத்தில் வயலுக்கு நம்பர் இருக்கிறது, நம் குடிசைகள் ஒன்றும் கிடையாது. நாங்களோ எல்லாரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். ஊர்த்தெருக்காரர்கள்தான் எங்களுக்குச் சாட்சி சொல்ல வேண்டும். அவர்களில் சிலருக்கும் நம் கதிதான். தாட்சாயிணி அம்மாவை உனக்கு நினைவிருக்கும், நாற்று நடவுக்கு உன்னைக் கூப்பிடுவார்களே அந்த அம்மா. புருஷன் போன பிறகு கொழுந்தன் பட்டாவெல்லாம் தன் பேரில் காட்டி ஈட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான், அவர்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இங்கே கீற்று மறைப்பில் இருந்தாலும் கொட்டகைக்குள் மட்டும் காலெடுத்து வைத்ததில்லை. வெளியே தாழ்வாரத்தில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

யார் வீடு எங்கே இருந்தது என்று ஆண்கள் நாங்கள் பேசினால் சண்டைதான் வந்தது. உன் அம்மாதான், "வாயால சொன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவீங்க, தரையில போட்டுடலாம்" என்றாள். அதிகாரி வரும் நாள் காலையில் கொட்டகைத் தரையைச் சாணம் போட்டு மெழுகிவிட்டுப் பெண்கள் உட்கார்ந்தார்கள். கோலம் போட அரிசி மாவுக்கு எங்கே போவது, சாப்பாட்டுக்கே இல்லை, சுண்ணாம்புப் பொடியும் செங்கல் தூளும் எடுத்துக்கொண்டார்கள். முதலில் தாங்கலைப் போட்டார்கள், அப்புறம் மதகு, வாய்க்கால், அம்மன் கோயில், அதற்கப்புறம் ஒவ்வொருத்தியும் தன் வீடு, பக்கத்து வீடு, முருங்கை மரம், ஆடு கட்டுகிற இடம். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இல்லை என்று போய்விட்ட ஊர் காலடியில் வந்து கிடந்தது. மிதித்துவிடுவோமோ என்று எல்லாரும் சுவரை ஒட்டிக்கொண்டு நடந்தோம். ஊர்த்தெருவுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. தாட்சாயிணி அம்மா வீட்டை உன் அம்மா போட்டாள். தொழுவம், எருக்குழி, கொல்லைக் கிணறு, நெல் குத்துகிற இடம், எல்லாம் அச்சாக வந்தது. அதற்கு மேல் வெறும் தரை. முன்பக்கம் எங்கே என்று யாரோ கேட்டதற்கு, "அத நாம எங்க பாத்தோம். நம்மள கொல்லப் பக்கத்தோட அனுப்பிடுவாங்களே" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்த தாட்சாயிணி அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். பிறகு உள்ளே வந்து உன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "வேம்புலி, பொடியைக் குடு" என்றார்கள். உன் அம்மா வழக்கப்படி கை படாமல் மேலிருந்து போடப் போனாள். அவர்கள் கையைப் பிடித்து வாங்கிக்கொண்டு, கூடம், ரேழி, வாசல் என்று மீதியைப் போட்டு முடித்தார்கள். "அடியே" என்று சொல்லாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான் என்று உன் அம்மா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எல்லாம் முடிந்த பிறகு உன் அம்மா எழுந்து போய்த் தாங்கல் கரை மேல், சேரியை விட்டுத் தள்ளி, ஒரு சின்னக் கட்டம் போட்டாள். அது உன் குடிசை என்று யாரும் கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கோவிந்தன்தான் வாயைத் திறந்தான். "அத்தை, அது வாணாம். அழிச்சிடு" என்றான். அவன் கெட்டவன் இல்லை நாகவல்லி, அவனுக்கு நாலு பிள்ளைகள், ஒழுகுகிற மறைப்பில் ஒன்றை வாரிக் கொடுத்தும்விட்டான். "ஆள் இல்லாத ஊட்டுக்கு மனை கேட்டா, இவங்க சொல்றது எல்லாமே புளுகுன்னு அந்தாளு எய்திக்கினு பூட்டா இன்னா பண்ணுவே? இருக்கறவங்களுக்கும் கெடைக்காம பூடும். தம்பியும் தம்பி பொண்டாட்டியும் இருக்காங்களோ இல்லியோ, அது அந்த அம்மனுக்குத்தான் தெரியும்" என்றான். இதற்கு முன்பே ஒரு தடவை அவன் உங்கள் இருவருக்கும் கருமாதி செய்துவிடலாம் என்று கேட்டு உன் அம்மா அவனோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். அன்றைக்கு அவள் கத்தவில்லை. கட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "என் பொண்ணு செத்திருந்தா என் வவுறு எனக்குச் சொல்லியிருக்கும்டா. சொல்லல. அவ உசுரோட கீறா" என்றாள். கொட்டகையில் பாதிப் பேர் கோவிந்தன் பக்கம், பாதிப் பேர் அவள் பக்கம். நான் எந்தப் பக்கம் பேசுவது, ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் அத்தனை குடும்பம். அழிப்பதா விடுவதா என்று முடிவாகும் முன்னே அதிகாரி வந்துவிட்டார்.

அவர் சின்ன வயசுக்காரர், செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வந்தார். கோடு எதையும் மிதிக்காமல் சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தார். அப்புறம் ஒவ்வொரு கட்டமாகக் கேட்டார், நம் வீடுகளுக்குக் கங்காதரனும் மற்றவர்களும் சாட்சி சொன்னார்கள், தாட்சாயிணி அம்மா வீட்டுக்கு நம் பெண்கள் சொன்னார்கள். கொல்லையை அவ்வளவு விவரமாக வேறு யார் சொல்ல முடியும். கடைசியில் கரை மேல் இருந்த கட்டத்தைக் காட்டி இது யாருடையது என்றார். கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டான். உன் அம்மா சொன்னாள், மகள் வீடு, மலாய்க்குப் போயிருக்கிறாள் என்று. சாட்சி யார் என்றார். சேரிக்குள் ஊர்த்தெருக்காரர்கள் யாரும் வந்ததில்லை, ஆனால் உன் குடிசை கரையில் அல்லவா இருந்தது, வயலுக்குப் போகிற வழியில். தாட்சாயிணி அம்மா எழுந்து, "நான் சாட்சி. அந்தப் பொண்ணு கையால மோர் வாங்கிக் குடிச்சிருக்கேன்" என்றார்கள். கொட்டகையே அசந்துபோயிற்று. எனக்கே தெரியாது கண்ணு, நீ சொன்னதும் இல்லை. வெயிலில் மயங்கி வரப்பில் உட்கார்ந்துவிட்டபோது நீ கொடுத்தாயாம், யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார்களாம், நீயும் சொல்லவில்லை. இத்தனை பேர் நடுவில் அவர்களே அதைச் சொல்லிவிட்டார்கள். அதிகாரி அந்த வீடு இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டார். ஆனால், "அந்தப் பெண் உயிரோடு இருப்பதற்கு என்ன அத்தாட்சி, ஒரு கடிதமாவது வந்திருக்கிறதா" என்று கேட்டார். உன் அம்மா அந்தக் கட்டத்தை விட்டு நகராமல் நின்றாள்.  அவர் வருத்தத்தோடுதான் சொன்னார், இல்லாதவர்களுக்கு எழுத எனக்கு அதிகாரம் இல்லை அம்மா என்று. மற்ற எல்லாருக்கும் எழுதிக்கொண்டு போனார்.

பங்குனியில் சங்கிலி பிடித்து அளந்து மனைக்கு மனை முளை அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கொட்டகை நடுவில், ஊர்த்தெருக்காரர்கள் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். எங்களுக்கு வரிசைக் கடைசி மனை. அன்றைக்கு ஊரே திருவிழாவாக இருந்தது. உன் அம்மா மட்டும் எங்கள் மனையின் ஓரத்தில் நின்று, இதில் பாதியை நாகவல்லிக்கு என்று வைத்துவிடலாமா என்று கேட்டாள். பாதியில் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்க முடியாது. அப்போதுதான் கோவிந்தன் வந்தான். வந்தவன் தன் மனை முளையைப் பிடுங்கி ஒரு முழம் உள்ளே தள்ளி நட்டான். என்னடா செய்கிறாய் என்றேன். "மாமா, அந்தாளு கேட்டப்போ அத்தை நின்ன நிலைய நான் பாத்தேன். எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது" என்றான். பக்கத்து மனைக்காரரைப் பார்த்து, "அண்ணாத்தே, நீயும் ஒரு மொழம் தள்ளு" என்றான். அவர் யோசித்தார், தன் பெண்சாதியைப் பார்த்தார், தள்ளினார். அப்படியே வரிசை முழுதும் முளையைப் பிடுங்கிப் பிடுங்கித் தள்ளி நட்டுக்கொண்டு வந்தார்கள். மறுத்தவர்களும் இரண்டொருவர் உண்டு, அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் எங்கள் மனைக்குப் பக்கத்தில் இன்னொரு மனை உண்டாகிவிட்டது. சின்னதுதான், ஆனால் மனை. நீ உயிரோடு இருக்கிறாய் என்று அப்போது யாருக்கும் தெரியாது நாகவல்லி. தெரியாமலே கொடுத்தார்கள். அதிகாரிக்கு இது தெரியும் என்றே நினைக்கிறேன், மறுபடி வந்தபோது வரிசையைக் கண்ணால் அளந்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

ஆகவே நீ கூரையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சித்திரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுக்குச் சுவர் வைத்துக்கொண்டிருக்கிறேன். மண் மிதிக்க ஆள் வருகிறார்கள். தாட்சாயிணி அம்மா கூரைக்கு இரண்டு பனஞ்சட்டம் கொடுத்திருக்கிறார்கள். உன் கடுதாசி வந்த அன்றைக்குக் கோவிந்தன் கொட்டகைக்குள் வரவில்லை, வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். தம்பி போய்விட்டானே என்று அழுகிறானா, நீ இருக்கிறாயே என்று அழுகிறானா என்று எங்களுக்குத் தெரியவில்லை. உன் அம்மா போய் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவனோடு பழையபடி முகம் கொடுத்துப் பேசினாள்.

இனி நீ வர வேண்டியதுதான் பாக்கி. கப்பலில் நடுப்பகுதியில் இடம் பிடித்துக்கொள், ஆட்டம் குறைவாக இருக்கும். சுக்குத் தட்டி வைத்துக்கொண்டு குழந்தைக்கு வெந்நீரில் கொடு. பஸ்ராவிலிருந்து திரும்பும்போது எனக்குக் கை கண்ட மருந்து அதுதான். பட்டணத்துத் துறைமுகத்தில் மூட்டையை நான் தூக்குகிறேன் என்று வருகிறவர்களிடம் கொடுத்துவிடாதே. எந்தக் கப்பல் என்று முன்னாலேயே தெரிவித்தால் நான் அங்கே நிற்பேன். தெரிவிக்க முடியாமல் போனாலும் பாதகமில்லை, சென்ட்ரலில் அரக்கோணம் பாசஞ்சர் ஏறி அம்பத்தூரில் இறங்கிக் கொட்டகையைக் கேட்டால் சின்னப் பிள்ளை கூடக் கொண்டுவந்து விடும். இங்கே அரிசிக்குத் திண்டாட்டம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். கோதுமையை என்ன செய்வது என்று உன் அம்மாவுக்கு இன்னும் பிடிபடவில்லை, களி கிண்டுகிறாள், சுவருக்குப் பூசலாம் போல இருக்கிறது. அரைவயிறு சாப்பிட்டாலும் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடலாம். சாயந்திரமானால் அவள் பழைய ஊர் இருந்த மேற்கே பார்க்க மாட்டாள், ரயில் வருகிற கிழக்குப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வண்டிப் புகை தெரிந்தால் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வருகிறாள். இன்றைக்கு எப்படியடி வருவாள், கடுதாசிக்குப் பதிலே இன்னும் போகவில்லையே என்றால், எனக்கும் தெரியும்யா என்கிறாள். மறுநாளும் நிற்கிறாள். நானும் இப்போது அவள் பக்கத்தில் போய் நிற்கிறேன்.

நீயும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். துலுக்கானத்தின் ஆத்மா சாந்தி அடையட்டும், அவன் மகளை நாங்கள் வளர்ப்போம். உன் கையில் பெரியம்மை ஊசி போட்ட சீட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள், அது இல்லாவிட்டால் இறங்க விட மாட்டார்களாம், மறந்துவிடாதே. இன்னொன்று. உன் வீட்டுச் சுவர் இடுப்பு உயரம் வந்துவிட்டது. வாசல் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டைப் பார்த்து வைக்கலாம் என்று எனக்கு ஆசை. கொட்டகையைப் பார்த்து வை என்கிறான் கோவிந்தன். உன் அம்மா ஒருத்தரையும் தொட விடவில்லை, "அவ ஊடு, அவ வந்து சொல்லட்டும்" என்றுவிட்டாள். அதனால் சுவரை அப்படியே நிறுத்தியிருக்கிறோம். வந்து சொல்லு அம்மா.

உன் வருகைக்குக் காத்திருக்கும்
நைனா மதுரைவீரன்
அம்மா வேம்புலியம்மாள்